அடைக்கலமாய் வந்து அரனடி சேர்ந்தவை

திருவண்ணாமலை ஸ்ரீரமணாசிரமத்துக்குச் செல்லும் அன்பர்கள், மாத்ருபூதேஸ்வரர் சந்நிதியையும் மகரிஷியின் சமாதியையும் தரிசித்தபின், அதே வளாகத்தில் அமைந்துள்ள சில சிறு சமாதிகளையும் கண்டு வணங்குவது வழக்கம். அவற்றுள் ஒன்று, 1948ஆம் ஆண்டு ஜூன் 18 அன்று முக்தியடைந்த பசு லட்சுமியினுடையது. மற்றவை ஒரு மானுக்கும், ஒரு காகத்துக்கும், ஒரு நாய்க்கும் உரியவை. அந்த நாயின் பெயர் ஜாக்கி.

ஜாக்கி நோயுற்றபோது பகவான் அவனுக்கு மெத்தென்ற படுக்கை அமைக்கச் செய்து, வேண்டியவற்றையெல்லாம் தாமே கவனித்தார். நோய் முற்றி உடலில் துர்நாற்றம் வீசத் தொடங்கிய பின்னும் அவரது கவனிப்பு சற்றும் குறையவில்லை. மார்போடு அணைத்துத் தடவிக்கொடுத்தார். இறுதியில் அவர் கைகளிலேயே அந்த உயிர் அடங்கியது என்று ஆசிரம அன்பர்களின் நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன. பகவான் எந்த விலங்கையும் 'அது' என்று குறிப்பிட்டதில்லை. 'அவன்', 'அவள்' என்றே சொல்வார். ஆசிரமத்து நாய்கள் அவருக்குப் 'பையன்கள்'.

ஜாக்கிக்குக் கிடைத்த அந்த மடி, இன்று நம் ஊர்களில் பெயர் தெரியாத எத்தனையோ நாய்களுக்குச் சில எளிய இல்லங்களில் கிடைத்துக்கொண்டிருக்கிறது. வாகனத்தில் அடிபட்டவை, தாயை இழந்த குட்டிகள், முதுமையில் கைவிடப்பட்டவை ஆகியவற்றை மீட்பவர்கள், காப்பகங்களில் இடமில்லாதபோது, ஏதேனும் ஒரு குடும்பத்திடம் சில வாரங்களுக்கு ஒப்படைக்கிறார்கள். உடல் தேறியதும் தத்து எடுப்போரிடம் அனுப்புவதே நோக்கம். பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, தனித்து வாழும் நம் வயதினர் பலரும் இப்பணியில் மனமுவந்து ஈடுபடுகிறார்கள்.

ஆயினும், வருபவை எல்லாம் பிழைப்பதில்லை. பத்தாம் நாளோ, முப்பதாம் நாளோ, மருந்தும் உறக்கமற்ற இரவுகளும் பயனளிக்காமல் சில உயிர்கள் பிரிந்துவிடுகின்றன. அப்போது அந்த வீட்டாரின் துயரை எவரும் பொருட்படுத்துவதில்லை. 'உங்கள் நாய்கூட இல்லையே! தெருநாய்க்காகவா அழுவது?' என்று சுற்றத்தாரே கேட்கிறார்கள். வெளியே சொல்ல இயலாத அந்தத் துயருக்கு நம் சாஸ்திரங்களும் அடியார் சரிதங்களும் என்ன ஆறுதல் தருகின்றன?

பெயர் என்ன, நட்சத்திரம் என்ன?

எங்கள் பகுதிச் சிவாலயத்துக்கு நாள்தோறும் வரும் அம்மையார் ஒருவர், கால் முறிந்த குட்டி ஒன்றைப் பராமரித்து வந்தார். மூன்றாம் வாரத்தில் அது இறந்தது. அடுத்த தேய்பிறை அஷ்டமியன்று பைரவர் சந்நிதியில் அர்ச்சனைத் தட்டை நீட்டினார். குருக்கள் வழக்கம்போல் பெயர், நட்சத்திரம், கோத்திரம் கேட்டார். அம்மையார் சற்றுத் தயங்கி, "குட்டி என்றுதான் கூப்பிட்டேன் சாமி, வேறொன்றும் தெரியாது" என்று சொல்லிக் கண்கலங்கினார். விவரம் அறிந்த குருக்கள், "அதனால் என்ன அம்மா? ஸ்வாமி பேருக்கே செய்துவிடுகிறேன். இவர் வாகனம்தானே அது!" என்றார்.

அருகில் நின்ற எனக்கு அந்தச் சொல் ஓர் உபதேசமாகவே ஒலித்தது. குலமும் கோத்திரமும் அறியாத உயிருக்கு இறைவன் பெயரே முகவரி ஆகிறது.

தருமபுத்திரர் சொன்ன மறுமொழி

மகாபாரதத்தின் பதினேழாவது பர்வமான மகாப்ரஸ்தானிக பர்வத்தில், யுதிஷ்டிரரைப் பின்தொடர்ந்து வந்த நாயின் கதையை நாம் அனைவரும் அறிவோம். நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏறுமாறு இந்திரன் சொல்ல, அவர் மறுத்தார். அஞ்சி வந்ததை, அன்பு பூண்டதை, தன்னைக் காத்துக்கொள்ள வலிமையற்றதைக் கைவிடுவதில்லை என்பது தம் விரதம் என்றார். பின்னர் அந்த நாயே தரும தேவதையாகக் காட்சியளித்தது.

அந்த உரையாடலில் நாம் அதிகம் கவனிக்காத பகுதி ஒன்று உண்டு. இந்திரன் விடாமல் கேட்கிறான்: உடன்பிறந்தோரையும் திரௌபதியையும் வழியில் விட்டுவிட்டு வந்த நீ, இந்த நாயை மட்டும் ஏன் விட மறுக்கிறாய்? அதற்கு யுதிஷ்டிரர், அவர்கள் இறந்துவிட்டனர், இறந்தோரை உயிர்ப்பிக்க என்னால் ஆகாது, ஆகவே விட்டு வந்தேன், உயிரோடு இருந்தவரை அவர்களை நான் கைவிடவில்லை என்ற பொருள்பட மறுமொழி கூறுகிறார்.

பராமரிப்பில் இருந்த நாயை இழந்து வருந்தும் ஒவ்வொருவரும் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டிய நியாயம் இது. மரணத்தைத் தடுப்பது மானிடர் கையில் இல்லை. உயிர் உள்ளவரை கைவிடாதிருப்பதே நம் கையில் உள்ளது. பிழைத்தது எது, பிழையாதது எது என்று தருமம் கணக்குப் பார்ப்பதில்லை.

புரி யாத்திரையில் ஒரு நாய்

மகாபாரதம் காட்டிய இந்த நெறியைப் பிற்கால அடியார் ஒருவர் தம் வாழ்வில் கடைப்பிடித்த வரலாறு, கிருஷ்ணதாச கவிராஜர் அருளிய சைதன்ய சரிதாம்ருதத்தில், அந்திய லீலையின் முதல் அத்தியாயத்தில் வருகிறது. வங்கத்திலிருந்து பக்தர்களை ஆண்டுதோறும் புரிக்கு அழைத்துச் செல்பவர் சிவானந்த சேனர். ஒருமுறை அந்தக் கூட்டத்தோடு நாய் ஒன்றும் சேர்ந்துகொண்டது. படகோட்டி அதை ஏற்ற மறுத்தபோது, தனியே கூலி கொடுத்து அதை ஆற்றைக் கடக்கச் செய்தார்.

ஒருநாள் அவர் சுங்கச் சாவடியில் தாமதிக்க நேர்ந்தது. பணியாள் நாய்க்குச் சோறிட மறந்துவிட்டான். இரவில் திரும்பிய சேனர், முதலில் நாய் உண்டதா என்றுதான் விசாரித்தார். நாயைக் காணவில்லை. பத்துப் பேரை அனுப்பித் தேடியும் கிடைக்காமல், அன்றிரவு அவரும் உபவாசம் இருந்தார். புரியை அடைந்தபோது, மகாப்ரபுவின் எதிரே சற்றுத் தொலைவில் அந்த நாய் அமர்ந்திருந்தது! அவர் எறிந்த தேங்காய்ப் பிரசாதத்தை உண்டு, கிருஷ்ண நாமத்தைச் சொல்லிற்று. சேனர் அந்த நாயை விழுந்து வணங்கினார். அதன்பின் அதை எவரும் காணவில்லை. அது வைகுண்டம் எய்தியது என்கிறது அந்நூல்.

சேனர் அதைத் தம் நாய் என்று உரிமை கொண்டாடவில்லை. வழியில் சேர்ந்தது, வழியிலேயே பிரிந்தது. ஆயினும் அதன்பொருட்டுப் பட்டினி கிடந்தார். உறவின் அளவை நாட்களால் அளக்கலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

குற்ற உணர்வு வேண்டாம்

'நான் இன்னும் கவனமாக இருந்திருந்தால்...' என்ற எண்ணமே பலரை வாட்டுகிறது. கால்நடை மருத்துவர்கள் கூறும் உண்மை இங்கே உதவும். குட்டிகளைப் பெரிதும் பலிகொள்ளும் பார்வோ வைரஸ் நோய், தொற்றிய சில நாட்கள் கழித்தே வாந்தியாகவும் இரத்தக் கழிச்சலாகவும் வெளிப்படும். வந்த மூன்றாம் நாளே நோயுறும் குட்டி, பெரும்பாலும் நோயைச் சுமந்துகொண்டே வந்திருக்கும். தடுப்பூசி போடப்படாத குட்டிகள், அறிகுறி தோன்றிய இரண்டு, மூன்று நாட்களிலேயே இறக்கக்கூடும். டிஸ்டெம்பர் என்னும் நோயோ, தேறிவிட்டதாக நாம் மகிழ்ந்திருக்கும் வேளையில் நரம்பு மண்டலத்தைத் தாக்கும்.

பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் பல மாதங்கள் உயிர்த்திருக்கும். எனவே தடுப்பூசி முடியாத வேறொரு குட்டியை உடனே வீட்டுக்குக் கொண்டுவரலாகாது. மருத்துவரின் ஆலோசனை கேட்பது அவசியம். வெறிநோய் என்ற ஐயம் இருந்தால் உடலைத் தொடாமல் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். கடியோ கீறலோ பட்டிருந்தால், சோப்பும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடங்கள் கழுவி, தாமதமின்றித் தடுப்பூசி போட்டுக்கொள்வது உயிர்காக்கும்.

நினைவைப் போற்றும் வழிகள்

இறந்த உயிரின் உடலைக் குப்பையில் சேர்க்காமல், கிணற்றுக்கு அப்பால் ஆழக் குழிதோண்டி அடக்கம் செய்து, ஒரு செடி நடலாம். சில நகரங்களில் விலங்குகளுக்கான தகன வசதியும் உண்டு. அதன் பெயரைச் சொல்லிப் பைரவர் சந்நிதியில் தீபம் ஏற்றலாம். நாய்க்கும் காகத்துக்கும் சோறிடுவது பஞ்ச மகா யக்ஞங்களுள் ஒன்றான பூத யக்ஞத்தைச் சார்ந்தது. அந்த நாளில் தெருநாய்களுக்கு உணவிடுவதைக் காட்டிலும் பொருத்தமான நினைவஞ்சலி ஏது?

அமாவாசைத் தர்ப்பணம் செய்வோர், இறுதியில் விடும் நீரை எண்ணிப் பாருங்கள். தாயோ, தந்தையோ, உறவோ, தமக்கென நீர்வார்க்க எவருமோ இல்லாதவர்கள் திருப்தியடையட்டும் என்று வேண்டியே அந்த நீர் வார்க்கப்படுகிறது. நம் முன்னோர் எவரையும் விட்டுவிடவில்லை. அந்த வேளையில், நம் மடியில் கண்மூடிய வாயில்லா ஜீவனையும் மனத்தால் நினைத்துக்கொள்ளலாம்.

தெருவோரத்தில் எவரும் அறியாமல் மடிந்திருக்க வேண்டிய உயிர், ஒரு வீட்டின் நிழலில், தன்னை அன்போடு அழைத்த குரலைக் கேட்டபடி கண்மூடியிருக்கிறது. அந்தப் பேற்றை அதற்கு அளித்தவர்கள் மனம் தளர வேண்டாம். காலம் கனியும்போது மீண்டும் ஓர் உயிர் உங்கள் வாசலுக்கு வரும். அதற்காகக் கதவு திறந்திருக்கட்டும்.