எப்படி இயங்குகிறது? பார்சல் மேசையில் ஒரு ரிவ்யூ

எஸ்டேட்டுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் ஒரு மெஸ்ஸை எடுத்துக்கொள்வோம். இடம் மண்ணூர்பேட்டை என்றே இருக்கட்டும். எம்.டி.எச். ரோட்டில் ஒரு பக்கம் பாடி, மறுபக்கம் அம்பத்தூர் தொழிற்பேட்டை. பசித்த வயிற்றுக்குப் பஞ்சமில்லாத இடம். அடுப்படியில் மாஸ்டர் எவ்வளவு நன்றாகச் சமைத்திருந்தாலும், பட்டரவாக்கத்தில் ஒரு பட்டறையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிப்பவருக்குக் கிடைப்பது பார்சல் மேசையில் கட்டியது மட்டும்தான். ரசம் என்று நினைத்துச் சோற்றில் ஊற்றியது வத்தக்குழம்பாக இருந்தால் அவர் திட்டுவது மாஸ்டரை. மாஸ்டர் காதில் அது விழவே விழாது.

சிமுலேஷன் மென்பொருளிலும் ஓர் அடுப்படியும் ஒரு பார்சல் மேசையும் உண்டு. அடுப்படியில் சமன்பாடுகள் வேகின்றன: ஒரு பிராக்கெட் எவ்வளவு வளையும், குழாயில் காற்று எப்படி ஓடும், சர்க்யூட்டில் வோல்டேஜ் எப்படி ஏறி இறங்கும். விடை வந்ததும், அதை இன்னொரு மென்பொருள் படிக்கும்படி ஒரு கோப்பில் கட்டிக் கொடுப்பது எக்ஸ்போர்ட். திறமூல மென்பொருளில் இந்த மேசைக்கு யார் வேண்டுமானாலும் வந்து கை கொடுக்கலாம். “இந்த வடிவத்தில் கோப்பு எழுதும் வசதி உங்களிடம் இல்லையே, நான் எழுதித் தருகிறேன்” என்று முன்பின் தெரியாத ஒருவர் சில நூறு வரி நிரலை அனுப்புவார். அதைப் படித்துப் பார்த்து, சேர்க்கலாமா வேண்டாமா என்று சொல்பவர் ரிவ்யூவர். என்னைக் கேட்டால், நல்ல ரிவ்யூவர் கட்டுகிற பக்கம் நிற்கமாட்டார்; பிரிக்கிற பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார்.

நம் நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஐஐடி பம்பாயில் ஃபாஸி என்றொரு திட்டம், மத்தியக் கல்வி அமைச்சகத்தின் நிதியில் நடக்கிறது. கல்லூரிகளில் காசு கொடுத்து வாங்கும் மென்பொருளுக்குப் பதில் திறமூல மென்பொருளைக் கொண்டுவருவதுதான் அதன் வேலை. அங்கே உருவானது இ-சிம். கீகேடில் சர்க்யூட் படம் வரையலாம். கணக்குப் போடுவது என்ஜிஸ்பைஸ். இரண்டும் வேறு வேறு ஆட்கள் செய்த கருவிகள். கீகேட் தரும் இணைப்புப் பட்டியலை என்ஜிஸ்பைஸ் ஏற்கும் கோப்பாக மாற்றித் தரும் பகுதி ஒன்று இ-சிம்மின் நடுவில் இருக்கிறது. பைத்தானில் எழுதியது. பார்சல் மேசை என்றால் அசல் பார்சல் மேசை.

இப்படி ஒரு மாற்றிக்குப் புதிதாக ஒரு திருத்தம் வந்தால் எங்கே கண் போகவேண்டும்? முதலில் ‘எம்’ என்ற ஓர் எழுத்தின் மேல். மின்னணுவியல் படித்த யாரைக் கேட்டாலும் மின்தடை 1எம் என்றால் பத்து லட்சம் ஓம் என்பார்கள். என்ஜிஸ்பைஸ் சேர்ந்த ஸ்பைஸ் குடும்பத்தில் அப்படி இல்லை. அங்கே ‘எம்’ என்றால் மில்லி, பெரிய எழுத்தானாலும் சின்ன எழுத்தானாலும். மெகா வேண்டுமானால் ‘மெக்’ என்று மூன்று எழுத்தாக எழுதவேண்டும். படத்தில் இருந்ததை அப்படியே கோப்பில் கொட்டினால் பத்து லட்சம் ஓம் மின்தடை, ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். நூறு கோடி மடங்கு வித்தியாசம். ஆனால் பிழைச் செய்தி என்று ஒரு வரிகூட வராது. வரைபடம் அழகாகவே வரும், தப்பாக. மின்தேக்கி ஒரு ஃபாரட் என்று காட்ட ‘1எஃப்’ என்று எழுதினால் இதைவிட மோசம். ஸ்பைஸுக்கு அந்த ‘எஃப்’ ஃபெம்டோ, அதாவது பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கில் நூறில் ஒரு பங்கு. சொல்லும்போதே மூச்சு வாங்குகிறது.

அடுத்தது முதல் வரி. ஸ்பைஸ் 1970களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்தது. துளையிட்ட அட்டைகளில் நிரல் கொடுத்த காலம். அட்டைக் கட்டில் முதல் அட்டை தலைப்பு. அந்த வழக்கம் இன்னும் போகவில்லை: கோப்பின் முதல் வரியில் என்ன இருந்தாலும் அது தலைப்பு என்று எடுத்துக்கொண்டு கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடும். பொட்டலத்தைச் சுற்றிய நியூஸ்பேப்பரைப் பிரிப்பவர் படிக்காமல் கசக்கிப் போடுவதுபோல. தெரியாதவர் அந்தப் பேப்பர் மடிப்பில் அப்பளத்தை வைத்துக் கட்டிவிட்டால் அப்பளம் குப்பைக்குப் போகும். எக்ஸ்போர்ட் நிரல் முதல் வரியிலேயே ஒரு மின்தடையை எழுதினால் அந்த மின்தடை சர்க்யூட்டிலேயே இல்லை. நிரலை மட்டும் வரி வரியாகப் படிக்கிற ரிவ்யூவருக்கு இது தெரிய வழியே இல்லை, ஏனென்றால் நிரலில் குற்றமில்லை. பிரிக்கிறவரின் பழக்கம் தெரிந்திருக்கவேண்டும்.

சர்க்யூட்டை விட்டு இரும்புப் பக்கம் வந்தால் தொல்லை வேறு மாதிரி. பிராக்கெட்டைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். விடையைப் படமாகப் பார்க்கப் பலரும் பாராவியூவைத் திறக்கிறார்கள்; அது விடிகே கோப்புகளைப் படிக்கும். விடிகேயில் எட்டு முனைப் பெட்டிக்கு இரண்டு வகை உண்டு, 11ஆம் எண்ணும் 12ஆம் எண்ணும். இரண்டுக்கும் எட்டே முனைகள்தான், எழுதும் வரிசை மட்டும் வேறு. 12இல் அடித்தளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும். 11இல் வரிசை வரிசையாகப் போகவேண்டும். 11இன் வரிசையில் எழுதி 12 என்று சீட்டு ஒட்டினால் பெட்டி முறுக்குப் பிழிந்தாற்போல் வரும். அதுவாவது பரவாயில்லை, பார்த்ததும் தெரிந்துவிடும். பத்துக் கணு நான்முகி இன்னும் கள்ளத்தனமானது. கட்டம் பிரித்துத் தரும் ஜிமெஷ் மென்பொருள் அடுக்கும் வரிசையும் விடிகே அடுக்கும் வரிசையும் முதல் எட்டுக் கணுக்களுக்கு ஒன்றே, கடைசி இரண்டு மட்டும் இடம் மாறியிருக்கும். பெரிய மெஷ்ஷில் மேலோட்டமாகப் பார்த்தால் கண்ணுக்குத் தட்டுப்படாது.

அதனால்தான் சோதனைக்கு என்ன மாதிரி கொடுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது நிரலைப் பார்ப்பதைவிட முக்கியம் என்கிறேன். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு மீட்டர் கனசதுரத்தை எடுத்து, எல்லா முனையிலும் வெப்பநிலை 1 என்று வைத்து, “பாருங்கள், சரியாக வருகிறது” என்பார்கள். எல்லாப் பாக்கெட்டிலும் தயிர்சாதமே இருந்தால் இடம் மாறியது யாருக்குத் தெரியும்? கோணல்மாணலான ஒரே ஒரு கட்டம், ஒவ்வொரு முனையிலும் வேறு வேறு எண், நீளம் அகலம் உயரம் மூன்றும் வேறு. அதைக் கேட்டு வாங்கவேண்டும்.

இன்னொரு வகைச் சோதனை மேலுக்குக் கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். எழுதும் நிரலோடு படிக்கும் நிரலையும் அவரே எழுதி, “எழுதினேன், திரும்பப் படித்தேன், அதே எண்கள் வந்தன” என்று காட்டுவார். கட்டியவரே பிரித்தால் எந்தப் பாக்கெட்டில் என்ன என்று அவருக்குத் தெரியாதா? எழுதும்போது செய்த தவறைப் படிக்கும்போதும் அதே போல் செய்திருந்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு சோதனை பச்சை காட்டும். அந்தக் கோப்பை இந்தத் திட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கருவியில் திறந்து பார்த்தாரா என்று கேட்கவேண்டும். அதற்குப் பதில் இல்லையென்றால் ரிவ்யூவரே திறந்து பார்க்கவேண்டியதுதான். பத்து நிமிட வேலை.

1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை நெருங்கிய வேளையில் அழிந்துபோனதே, அதன் வேரும் தரையிலிருந்த ஒரு கணினி எழுதிய கோப்புதான். உந்துவிசைக் கணக்கை அது பவுண்ட்-விநாடியில் எழுதியது. படித்த மென்பொருள் நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் சுமார் 4.45 மடங்கு. எந்த அலகில் எழுதவேண்டும் என்று ஒப்பந்த ஆவணத்தில் இருந்தது. கோப்பைக் கட்டியவர் அதன்படி கட்டவில்லை, பிரித்தவர் அளந்து பார்க்கவில்லை. முப்பரிமாண அச்சுக்காரர்கள் அன்றாடம் புழங்கும் எஸ்டிஎல் வடிவத்தில் அலகுக்கு இடமே கிடையாது. வெறும் எண்கள்தான். மில்லிமீட்டரா அங்குலமா என்று கோப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது, மாறிப்போனால் 25.4 மடங்கு. அந்த வடிவத்துக்கு எக்ஸ்போர்ட் சேர்க்கும் திருத்தம் வந்தால், எந்த அலகில் எழுதுகிறோம் என்று பயனருக்கு எங்கே சொல்லியிருக்கிறது என்று கேட்காமல் விடக்கூடாது.

பாடி, அம்பத்தூர் பக்கத்துப் பட்டறைக்காரர்களுக்கு எளிதில் புரியும் கோளாறு ஒன்று மிச்சமிருக்கிறது. சி பிளஸ் பிளஸ் மொழியில் ஒன்றும் சொல்லாமல் ஒரு பின்ன எண்ணை எழுதச் சொன்னால் ஆறு இலக்கம்தான் எழுதும். 1200.0345 மில்லிமீட்டர் கோப்பில் 1200.03 ஆகிவிடும். போனது நாலரை மைக்ரான். மைக்ரானில் பேசுகிற ஊரில் இதைக் கேட்டால் சிரிக்கமாட்டார்கள். நேரத்துக்கும் இதே கதி: 1000.001 விநாடியும் 1000.002 விநாடியும் கோப்பில் 1000 என்றே விழும், இரண்டு படமும் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். இரட்டைத் துல்லிய எண் ஒன்று எழுதிப் படித்த பிறகும் மாறாமல் இருக்க 17 இலக்கம் போதும். திருத்தம் ஒரே வரி.

மற்றவை எல்லாம் சட்டென்று பார்த்துவிடலாம். ஜெர்மன் அமைப்புள்ள கணினியில் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி விழுந்து சிஎஸ்வி கோப்பு சிதறுமா. டிஸ்க் நிரம்பினால் பாதிக் கோப்பை எழுதிவிட்டு ‘முடிந்தது’ என்று சொல்லுமா. எண்ணிக்கை 214 கோடியைத் தாண்டினால் 32 பிட்டில் கழித்தல் குறிக்குப் போய்விடுமா. பழைய விடிகே பைனரி கோப்பில் பைட்டுகளைப் பெரியது முன்னால் வரும்படி திருப்பி எழுதியிருக்கிறாரா. வேறு இடத்திலிருந்து நிரலை எடுத்திருந்தால் அதன் உரிமம் ஒத்துப்போகிறதா என்பதும். எக்ஸ்போர்ட்டோடு சேர்த்து நாற்பது கோப்புகளில் இடைவெளியைத் திருத்தியும் அனுப்பியிருந்தால், அதைத் தனியாகப் பிரித்து அனுப்பச் சொல்லிவிடலாம்.

இத்தனையையும் எப்படிச் சொல்வது என்று ஒன்று இருக்கிறது. அனுப்பியவர் பெரும்பாலும் ஒரு மாணவர், சம்பளமில்லாமல் எழுதியவர். “இது தப்பு” என்று மொட்டையாக எழுதினால் அடுத்த முறை அவர் வரமாட்டார். “1எம் மின்தடையை வைத்து ஓட்டிப் பார்த்தீர்களா தம்பி, எனக்கு இந்த எண் வருகிறது” என்று விடையோடு எழுதினால் அவரே போய்ப் பார்த்துத் திருத்துவார், இன்னும் இரண்டு எழுத்தையும் கண்டுபிடித்துக்கொண்டு வருவார். இருபது குறிப்பு எழுதவேண்டியிருந்தால், விடையை மாற்றக்கூடிய மூன்றை முதலில் எழுதுவது மரியாதை. மாறிலிக்குப் பெயர் வைத்த விதத்தைப் பற்றிய சண்டையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம், அல்லது விட்டுவிடலாம்.

சேர்த்த பிறகு அந்த வடிவத்தை எளிதில் எடுக்கவும் முடியாது. எங்கோ ஒருவர் அந்தக் கோப்பை நம்பி இன்னொரு நிரல் எழுதியிருப்பார். அதற்காகத்தான் மென்பொருளின் பதிப்பு எண்ணைக் கோப்பின் தலையில் எழுதச் சொல்வது. சிலர் ஆர்வத்தில் எழுதிய தேதியையும் நேரத்தையும் அங்கேயே சேர்த்துவிடுவார்கள். மாதிரிக் கோப்போடு ஒப்பிடும் சோதனை அப்புறம் ஒவ்வொரு முறையும் தோற்கும், அந்த ஒரு வரிக்காக. தேதியை எடுத்துவிடுங்கள், அல்லது சோதனையில் அந்த வரியைத் தாண்டிப் போகச் சொல்லுங்கள் என்று ஒரு குறிப்பு எழுதிவிட்டு, ஒப்புதல் பொத்தானை அழுத்தலாம்.