கம்பியை மறைக்கும் தூரிகை

திரையிலே கதாநாயகன் மாடிக்கு மாடி தாவுகிறான். கொட்டகை முழுவதும் கைதட்டுகிறது. அந்தச் சமயம் அவன் இடுப்பில் இரும்புக் கம்பி கட்டியிருக்கிறது என்றால் நம்புவீர்களா? பல படங்களில் அதுதான் உண்மை. அந்தக் கம்பி நம் கண்ணில் படாமல் செய்கிறவர், படப்பிடிப்பு முடிந்த பிறகு கம்ப்யூட்டர் முன் அமர்ந்து தூரிகை பிடிக்கும் ஓவியர்.

முன்பெல்லாம் கம்பியைக் காமிராவிடமிருந்து மறைக்க, மிக மெல்லியதாகப் பார்த்து எடுப்பார்கள். பின்னணி நிறத்திலேயே சாயமும் பூசுவார்கள். கம்பி மெலிந்தால் படத்துக்கு நல்லது. அதில் தொங்குகிறவனுக்கோ ஆபத்து! 1991-ல் வெளிவந்த 'டெர்மினேட்டர் 2' என்ற அமெரிக்கப் படத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் கால்வாய்க்குள் பாய்கிறது. அதைத் தாங்கியவை தடித்த கம்பிகள். அவற்றைப் பிறகு கம்ப்யூட்டரில் அழித்தார்கள்.

எப்படி அழிக்கிறார்கள்?

இங்கே வண்ணம் குழைக்கும் வேலை அதிகமில்லை. பக்கத்திலுள்ள வானத்தில் ஒரு துண்டை எடுத்துத் தூரிகை கம்பியின் மேல் பூசிவிடுகிறது. பின்னால் செங்கல் சுவர் இருந்தால், கம்பி அந்த இடத்துக்கு வருவதற்கு முன்போ, கடந்த பின்போ பதிவான படத்திலிருந்து அந்தத் துண்டை எடுத்துக்கொள்ளலாம்.

சினிமாவில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. 5 நொடித் தாவலுக்கு 120 படங்கள்! ஒன்றில் பூசியது அடுத்ததில் இம்மி பிசகினாலும், திரையில் அந்த இடம் புழுப்போல் நெளியும். ஆகவே பொறுமைதான் இவருக்கு மூலதனம்.

'ஆப்டர் எபெக்ட்ஸ்' போன்ற மென்பொருள்களில் ஒவ்வொரு தீற்றலும் தனித்தனியே பதிவாகிறது. எப்போது தோன்றி எப்போது மறையவேண்டும் என்று அதற்கு ஆயுள் குறிக்கலாம். பிசகினால் அதை மட்டும் நீக்கலாம். அடியிலுள்ள படம் பழுதாகாது. தீற்றல் எந்த நொடியில் எவ்வளவு தூரம் நீளவேண்டும் என்று சொல்லிவிட்டால், அது தானே வளரும். கடிதத்தில் எழுத்துக்கள் தாமே எழுதிக்கொண்டு வருவதும், தேசப்படத்தில் பயணப் பாதை ஊர்ந்து செல்வதும் இந்த வித்தையால்தான்.

மற்ற ஓவியர்களுக்குத் தம் தூரிகை வேலையைப் பிறர் பார்த்தால் பெருமை. கம்பியை மறைப்பவருக்கோ, யாரும் பார்க்காமல் இருப்பதே பெருமை. அவர் கை சுத்தமாக இருப்பதால்தான் சண்டைக் கலைஞனுக்குத் தடித்த கம்பி கட்ட முடிகிறது. அவனும் பத்திரமாக வீடு போய்ச் சேருகிறான்.