கேட்டுக்கு உள்ளே ஒரு செமஸ்டர்

கோயம்புத்தூர்ப் பாலிடெக்னிக் ஒன்றில் மாணவர்களைக் கம்பெனிகளுக்குப் பயிற்சிக்கு அனுப்பும் பொறுப்பில் இருக்கிறேன். படிப்பு முடிந்ததும் வேலை கிடைக்குமா என்றுதான் பெற்றோர் கேட்கிறார்கள். படிக்கும்போதே எங்கே வேலை பார்ப்பான் என்று கேட்பவர்கள் குறைவு.

எங்கள் லேபில் வெர்னியரை வைத்து ஒரு துண்டை அளப்பார்கள். ரெக்கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் முடிந்தது. அளவு தவறினால் ஒரு மார்க் போகும், அவ்வளவுதான். பம்ப்செட் கம்பெனியில், டிராயிங்கில் சொன்ன அளவை ஷாஃப்ட் தாண்டினால் பேரிங் உட்காராது. அசெம்பிளியிலிருந்து திரும்பி வரும். ரிஜெக்‌ஷன் கணக்கில் ஏறும். “ஏன் தம்பி, இதை நீதான் அளந்தியா?” என்று சூப்பர்வைசர் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன பிள்ளை அடுத்த துண்டை அளக்கும் விதமே வேறு.

இதற்காகவே சாண்ட்விச் டிப்ளமோ இருக்கிறது. மூன்றரை ஆண்டுப் படிப்பு. நடுவில் ஒரு செமஸ்டரும் கடைசியில் ஒரு செமஸ்டரும் தொழிற்சாலையில். இந்த யோசனை பழையது. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 1906இல் 27 மாணவர்களோடு தொடங்கினார். ஒரு வாரம் வகுப்பு, மறு வாரம் தொழிற்சாலை.

இப்போது கல்லூரிகள் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டுப் போட்டோ எடுத்துக்கொள்கின்றன. எனக்கு அந்தத் தாளில் மூன்று விஷயங்கள் வேண்டும்: பையன் எந்த செக்‌ஷனில் நிற்பான், யார் பொறுப்பில் நிற்பான், மாதம் ஒருமுறை எங்கள் ஆசிரியர் உள்ளே போய்ப் பார்க்கலாமா. இவை இல்லாவிட்டால் பையன் ஆறு மாதம் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்புவான். பணம் கட்டினால் போகாமலேயே இன்டர்ன்ஷிப் சான்றிதழ் தரும் இடங்களும் இருக்கின்றன. அதை நேர்முகத் தேர்வில் இரண்டே கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஏமாறுவது பிள்ளைதான்.

படிப்பு முடித்தவர்களுக்கு அப்ரண்டிஸ் பயிற்சி தனி. 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தில் டிப்ளமோ, டிகிரி முடித்தவர்கள் 1973இல் சேர்க்கப்பட்டார்கள். முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும். 2019இல் திருத்திய விதி மாத உதவித்தொகையை டிப்ளமோவுக்குக் குறைந்தது 8,000 ரூபாய், டிகிரிக்கு 9,000 என்று வைத்தது. குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது. சிறு பட்டறை முதலாளிகள் பலருக்கு இது தெரியாது. அவர்களிடம் போகும்போது ஆள் கேட்பதற்கு முன் இதைச் சொல்கிறேன்.

ஆனால் படிக்கும்போது போகும் செமஸ்டருக்குப் பல கம்பெனிகள் ஒன்றும் தருவதில்லை. வெளியூர்ப் பிள்ளை அறை வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாவற்றுக்கும் வீட்டில் கேட்க வேண்டும். வீட்டில் இல்லையென்றால் நல்ல கம்பெனியை விட்டுவிட்டு ஊருக்குப் பக்கத்தில் கிடைத்த இடத்தில் ஒதுங்கிவிடுகிறான். திறமைக்குப் பஞ்சமில்லை, அப்பாவின் வருமானம்தான் பயிற்சியைத் தீர்மானிக்கிறது. இது எனக்குப் பொறுக்கவில்லை. பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு தடையும் உண்டு. இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து எப்படித் திரும்புவாள் என்று அம்மாக்கள் கேட்கிறார்கள்; நியாயமான கேள்வி. அதனால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க உட்காரும்போது கேன்டீன் சாப்பாடு, கம்பெனி வண்டி, மாதம் ஏதாவது ஒரு தொகை, இந்த மூன்றையும் முதலில் பேசி எழுதி வாங்கிக்கொள்கிறேன். பாடத்திட்டத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.