ஹாங்காங் டீக்கடையில் 'நாய்' என்றால் பால்!

ஹாங்காங்கில் சாப்பாட்டுக் கடைக்குள் நுழையும் தமிழர் 'நாய் சா' என்ற கூவலைக் கேட்டுத் திடுக்கிடுவார். பயப்பட வேண்டாம். அங்கே பேசப்படும் கான்டனீஸ் மொழியில் 'நாய்' என்றால் பால். 'சா' என்றால் தேநீர்.

'சா சான் டெங்' எனப்படும் இக்கடைகள் 1950களில் பெருகியவை. தேநீர், ரொட்டி, நூடுல்ஸ், சாதம் எல்லாம் சாமானியருக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கும். கூட்ட நேரத்தில் சர்வருக்கு நின்று கேட்கப் பொறுமை இராது. வேண்டியதை இரண்டே சொல்லில் சொல்லிவிட வேண்டும்.

அதற்கு மூலமந்திரம் 'ஜவ்'. 'போ' என்று பொருள். வேண்டாத பொருளின் பெயருக்கு முன்னால் இதைச் சேர்க்க வேண்டியதுதான். ஐஸ் வேண்டாமா? 'ஜவ் பிங்'. வெங்காயத்தாள், கொத்தமல்லி வேண்டாமா? 'ஜவ் செங்', அதாவது பச்சை போகட்டும். சர்க்கரை கம்மியாக வேண்டுமானால் 'சியூ டிம்'. அறவே கூடாதென்றால் 'ஜவ் டிம்'. பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பிக்கு 'ஃபேய் சா ஜவ் நாய்' என்பார்கள். மணல் பறக்கட்டும், பால் போகட்டும் என்று அர்த்தம். சர்க்கரைதான் அந்த மணல்!

நீரிழிவுக்காரர்கள் ஒன்றில் உஷாராக இருக்க வேண்டும். 'சா ஜவ்' என்று மாற்றிச் சொன்னால் சர்க்கரை வராது; அதற்குப் பதில் இனிப்பான கண்டென்ஸ்டு பால் ஊற்றிய டீ வந்து சேரும்.

சைவர்களின் பாடுதான் திண்டாட்டம். 'ஜவ் யுக்' என்றால் மாமிசத்தை விட்டுவிடுவார்கள். ஆனால் நூடுல்ஸ் மிதக்கும் சாறு எலும்பு போட்டுக் கொதித்ததாக இருக்கலாம். வெந்த கீரையும் வெள்ளைச் சாதமும் போதும் என்றாலும், கீரையின் மேல் ஊற்றும் கறுப்புக் குழம்பு சிப்பியிலிருந்து செய்வது. அதைத் தடுக்க 'ஜவ் ஹோ யவ்' என்று சொல்ல வேண்டும். இத்தனை தொல்லை வேண்டாமென்றால் 'ஙோ சிக் ஜாய்', நான் சைவம், என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பள்ளியில் படித்ததோடு மறந்த 'ங' இங்கே உதவுகிறது. பௌத்த முறைப்படி நடக்கும் 'ஜாய்' கடைகளில் வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது.

குரலின் ஏற்ற இறக்கமும் முக்கியம். 'டோங்' என்று உச்சத்தில் சொன்னால் சூப். தாழ்த்திச் சொன்னால் சர்க்கரை.

பார்சலுக்கு 'ஹாங் காய்', தெருவில் நடப்பது என்று பெயர். பொட்டலம் கைக்கு வந்ததும் 'ம் கோய்' என்று நன்றி சொல்ல வேண்டும். சர்வரைக் கூப்பிடுவதற்கும் அதே சொல்தான்.