பின்கழுத்தில் ஒரு தண்டல்

எங்கள் தோட்டத்து அண்ணன் ஒருவர் பாடாங் செராய்ப் பக்கம் செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தார். கழுத்தில் அடி. உயிர் பிழைத்துவிட்டார். பேச்சும் நினைவும் பழையபடிதான் இருந்தன. கால்கள் அசையவில்லை. முழங்கையை மடக்குவார், மணிக்கட்டை மேலே தூக்குவார், விரல்களை மட்டும் அசைக்க முடியாது. அப்போது நான் மூன்றாம் படிவம். அவரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு ஒரு கேள்வி என்னை விடவே இல்லை. மூளையில் அடி இல்லை. கையிலும் அடி இல்லை, எலும்பும் தசையும் முழுசாக இருக்கின்றன. அப்படியானால் விரல் ஏன் அசையவில்லை? இன்னொன்றும் விளங்கவில்லை. அவர் எதிர்பாராத நேரத்தில் அதே விரல்கள் தாமாகவே மடங்கி இறுகிக்கொண்டன.

உயிரியல் பாடத்தில் இச்சைச் செயல், அனிச்சைச் செயல் என்று இரண்டாகப் பிரித்துப் படிக்கிறோம். சூடான சட்டியைத் தொட்டதும் கை பின்வாங்குவது அனிச்சைச் செயல். தண்டுவடமே அதை முடித்துவிடும். பேனா பிடித்து எழுதுவது இச்சைச் செயல். அதற்கு மூளை ஆணையிட வேண்டும். தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆனால் இதைப் படித்து முடிக்கும் பலருடைய மனத்தில், இச்சைச் செயலில் தண்டுவடம் வெறும் கம்பி, மூளையின் செய்தியைக் கீழே கொண்டுபோவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை என்ற படம் பதிந்துவிடுகிறது. அந்தப் படம் சரியில்லை. தண்டுவடத்துக்கு மலாய் மொழியில் 'சாராப் துஞ்சாங்' என்று பெயர். ஆணிவேரையும் 'அக்கார் துஞ்சாங்' என்றே சொல்கிறார்கள். கம்பி என்பதைவிட ஆணிவேர் என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

தலையைக் குனிந்து பின்கழுத்தைத் தடவிப் பாருங்கள். முதுகு தொடங்கும் இடத்தில் ஓர் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். பெரும்பாலோருக்கு அது ஏழாவது கழுத்தெலும்பு. உங்கள் விரல்களை ஆளும் நரம்பணுக்கள் ஏறக்குறைய அதற்கு நேராகத்தான், சுண்டுவிரல் தடிமனே உள்ள தண்டுவடத்துக்குள் இருக்கின்றன. கைக்கான பகுதி மேலிருந்து கீழாக வரிசையாக அமைந்திருக்கிறது. முழங்கையை மடக்குவது ஐந்தாவது கழுத்துப் பிரிவு, மணிக்கட்டைத் தூக்குவது ஆறாவது, முழங்கையை நீட்டுவது ஏழாவது, விரல்களை மடக்குவது எட்டாவது. விரல்களை விரிக்கும் சின்னத் தசைகள் அதற்கும் கீழே, மார்புப் பகுதியின் முதல் பிரிவில். அண்ணனுக்கு எதுவரை வேலை செய்தது, எது நின்றுபோனது என்பதை இந்த வரிசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆறாவதற்குக் கீழே பாதை அறுந்திருக்கிறது.

அந்தப் பிரிவுகளுக்குள் இரண்டு வகை நரம்பணுக்களை நாம் கவனிக்க வேண்டும். ஒன்று இயக்க நரம்பணு. அதன் இழை தண்டுவடத்தை விட்டு வெளியேறி நேராகத் தசைக்குப் போகிறது. ஆணை எங்கிருந்து வந்தாலும் தசையை அடைய இதைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அதனால்தான் ஆங்கிலேய உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் இதைப் பொதுவான கடைசிப் பாதை என்றார். 1932இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். இளம்பிள்ளைவாதக் கிருமி அழிப்பதும் இந்த நரம்பணுக்களைத்தான்.

இரண்டாவது வகை இடைநரம்பணு. இதைப் புரிந்துகொள்ள காலைப் பிரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பிரட்டு என்றால் தெரியாதவர்கள் பாட்டியைக் கேளுங்கள், விடியுமுன் ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்த கதையை நிறையவே சொல்வார். இன்று எந்த மலையில் வெட்டு என்று சொல்வதோடு துரையின் வேலை முடிந்துவிடும். யார் எந்த நிரைக்குப் போவது, மழை தூறினால் யாரை நிறுத்தி வைப்பது என்பதெல்லாம் தண்டலின் பொறுப்பு. இடைநரம்பணுவும் ஒரு தண்டல்தான். மேலிருந்து மூளையின் ஆணை வரும். கீழிருந்து தோலும் தசையும் அனுப்பும் செய்தி வரும். இரண்டையும் சேர்த்துப் பார்த்து, இயக்க நரம்பணுக்களில் சிலவற்றைத் தூண்டும், சிலவற்றை அடக்கும்.

துரை நேரடியாகத் தொழிலாளியைக் கூப்பிட்டுப் பேசுவதும் உண்டல்லவா? மனிதனுக்கும் சில வகைக் குரங்குகளுக்கும் மூளையின் புறணியிலிருந்து கை இயக்க நரம்பணுக்களுக்கு அப்படி ஒரு நேர்வழி இருக்கிறது. விரல்களைத் தனித்தனியாக அசைக்க அது முக்கியம். இந்த நேர்வழி இருப்பதாலேயே, நம் கையைப் பொறுத்தவரை தண்டலுக்குப் பெரிய வேலை இல்லை என்று ஆய்வாளர்களில் பலரும் நெடுநாள் எண்ணியிருந்தார்கள்.

அந்த எண்ணத்தை அசைத்த ஆய்வுகளில் ஒன்று 1999இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் யிபாத் புரூட், எபர்ஹார்ட் பெட்ஸ் இருவரும் செய்தது. குரங்குக்கு மணிக்கட்டை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று முதலில் காட்டுவார்கள். ஆனால் உடனே திருப்பக் கூடாது, அடுத்த சைகை வரும்வரை காத்திருக்க வேண்டும். கை அசையாமல் காத்திருந்த அந்த இடைவேளையிலேயே, தண்டுவடத்தின் இடைநரம்பணுக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தம் செயல்பாட்டை மாற்றிக்கொண்டிருந்தன. செய்யப்போகும் அசைவுக்கான ஆயத்தம் மூளையில் மட்டுமல்ல, தண்டுவடத்திலும் நடக்கிறது என்பதே இதன் பொருள்.

இதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் கை நினைவுக்கு வந்தது. அம்மா பால்மரம் வெட்டியவர். உளியைப் பட்டையில் வைத்தபின் ஒரு கணம் அசையாமல் நிற்பார். பிறகே இழுப்பார். சீவி எடுக்கும் பட்டை ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கனம்தான் இருக்கும். சற்று ஆழமாகப் போனால் மரத்தில் காயம்பட்டு, அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது. ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு மரம், அதுவும் இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில். அந்த ஒரு கணத்தில் பின்கழுத்துத் தண்டல்கள் சும்மா இருந்திருக்காது.

ஜப்பானில் காசுஹிக்கோ செக்கி, தொமோஹிக்கோ தாக்கேய் குழுவினர் விரல்நுனிகளால் பொருளைப் பிடிப்பதை ஆராய்ந்தார்கள். ஒரே இடைநரம்பணு பல கைத் தசைகளோடு தொடர்பு வைத்து, அவற்றை ஒரு கூட்டாக இயக்குவதைக் குரங்குகளில் கண்டார்கள். இது 2017இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 2012இல், ததாஷி ஈசா குழுவினர் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரு வகை இடைநரம்பணுக்களை மட்டும் தற்காலிகமாக அடைத்துப் பார்த்திருந்தார்கள். மூளையிலிருந்து வரும் நேர்வழியில் கை வைக்கவில்லை. ஆனாலும் குரங்கு கையை நீட்டி உணவைப் பற்றுவதில் தடுமாறியது. குரங்குகளை வைத்துச் செய்யும் ஆய்வு சிலருக்குப் பிடிக்காது. எனக்கும் மனம் முழுதாக ஒப்பவில்லை. ஆனால் மனிதக் கையின் தண்டுவடத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும் பகுதி அந்த வழியாகவே வந்தது.

இப்போது அண்ணனின் விரல்கள் ஏன் தாமாக மடங்கின என்பது விளங்கும். அடிபட்ட இடத்துக்குக் கீழே உள்ள நரம்பணுக்கள் பெரும்பாலும் சாகவில்லை. துரையின் தொடர்பு அறுந்துவிட்டது, ஆனால் தண்டல்களும் தொழிலாளிகளும் அங்கேயே இருக்கிறார்கள். போர்வை உரசினால்கூட அந்தச் செய்தி தண்டுவடத்தை அடைகிறது. அடக்கி வைக்க மேலிருந்து ஆணை வராததால் தசை இறுகிவிடுகிறது. வீட்டார் இதைப் பார்த்துக் கை திரும்பிவிட்டது என்று நம்புவதுண்டு. அது வேறு, இது வேறு.

அவருக்கு உதவியது இன்னொன்று. உங்கள் விரல்களைத் தளர்வாக விட்டு மணிக்கட்டை மேலே தூக்கிப் பாருங்கள், விரல்கள் தாமே மடங்கும். தசைநாண்கள் இழுபடுவதால் வரும் மடக்கம் அது. ஆறாவது பிரிவு தப்பித்திருந்தால் இதைக்கொண்டே லேசான குவளையைப் பிடிக்கலாம், கரண்டி தூக்கலாம். கைப்பயிற்சி சிகிச்சையில் இதைப் பழக்குகிறார்கள். அதோடு விரல்களை அளவுக்கு மீறி நீட்டிவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள், தசைநாண் நெகிழ்ந்தால் பிடி போய்விடும்.

காயம் சில சென்டிமீட்டர் கீழே பட்டிருந்தால் கை முழுதும் தப்பியிருக்கும். இதற்கு வேலூரில் ஒரு சாட்சி உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்டு இரண்டு கால்களையும் இழந்தவர் போலானார். கைகளுக்கான பிரிவுகள் காயத்துக்கு மேலே இருந்ததால் கைகள் பிழைத்தன. அறுவை மருத்துவர் பால் பிராண்ட் ஊக்கமளிக்க, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். அந்தக் கைகளில் தண்டுவடம் நன்றாக இருந்தது. அதிலிருந்து வெளியேறிய நரம்பு கெட்டு விரல்கள் வளைந்திருந்தன. வேலை செய்யும் தசையின் நாணை இடம் மாற்றிக் கட்டி அவற்றை மீண்டும் அசைய வைத்தார்கள். 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டபோது அதை நடத்தியவரும் அவரே. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

கெடாவில் தோட்டச் சாலை, நெடுஞ்சாலை என்று மோட்டார் சைக்கிள் ஓட்டும் மாணவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கழுத்தில் அடிபட்டவரின் தண்டுவடம் முழுதாக அறுந்திருக்க வேண்டியதில்லை. நாம் கை கால் பிடித்துத் தூக்கி வேனில் போடும்போது மிச்சமும் போகலாம். வேறு ஆபத்து இல்லையென்றால் அவரை அசைக்காமல், தலையும் கழுத்தும் ஆடாமல் பிடித்துக்கொண்டு 999ஐ அழையுங்கள்.

கீழே உள்ள தண்டல்கள் உயிரோடு இருந்தால் அவர்களை மீண்டும் எழுப்ப முடியாதா? 2024இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. கழுத்துத் தண்டுவடம் அடிபட்டுக் கை பலவீனமான 60 பேருக்கு, அறுவை இல்லாமல், பின்கழுத்துத் தோலில் மின்வாய்களை ஒட்டி மின்சாரம் செலுத்தினார்கள். மின்சாரம் மட்டும் அல்ல, கூடவே கைப்பயிற்சியும் இரண்டு மாதங்கள் நடந்தது. அறுபது பேரில் 72 விழுக்காட்டினருக்குக் கையின் வலுவும் பயன்பாடும் இரண்டுமே கூடின. முழுக் குணம் இல்லை. மேலிருந்து வரும் இழைகளில் கொஞ்சமாவது மிஞ்சியிருந்தவர்களே அதில் சேர்க்கப்பட்டார்கள். அடிபட்டு 34 ஆண்டுகள் வரை ஆனவர்களிடமும் முன்னேற்றம் காணப்பட்டது.