தொலைக்காட்சி ட்யூனர் அட்டையும் நம் பழைய நாடாக்களும்

ஓடுகின்ற காலத்தை ஒரு கணமேனும் நிறுத்தி வைத்தல் வேண்டும் என்னும் விருப்பம் மக்கட்கு இயல்பாக உள்ளது. அவ்விருப்பமே கல்வெட்டையும் ஏட்டுச் சுவடியையும் நிழற்படத்தையும் தோற்றுவித்தது. தொலைக்காட்சியோ தோன்றிய கணத்திலேயே மறைந்துபோகும் இயல்பினது. மறையும் அக்காட்சியைப் பிடித்து வைத்தற்கு நம் இல்லங்களிற் பயன்பட்ட கருவிகளுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று, ஊரார் ‘டெக்’ என்று அழைத்த வீடியோ நாடாக் கருவி. மற்றொன்று, கணினியினுள்ளே பொருத்தப்படும் ட்யூனர் அட்டை. இவ்விரண்டும் இன்று கடைகளில் அரியவாயின. ஆயினும், பின்னதன் துணைகொண்டு முன்னதன் செல்வத்தைக் காப்பாற்றுதற்கு நமக்கு இன்னும் சிறிது காலம் உண்டு. அவ்வட்டை யாது, அஃது எவ்வாறு தொழிற்படுகின்றது, இன்று அதனால் ஆகும் பயன் என்ன என்பவற்றை நம் மாணவர்க்கு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1959 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 ஆம் நாள் தில்லியிற் சோதனை முறையில் தொடங்கிற்று. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கப்பெற்றது. நாஞ்சில் நாட்டிற்கு மிக அண்மையிலுள்ள திருவனந்தபுரத்தில் 1982 இல் ஒளிபரப்பி நிறுவப்பட்டது. 1985 இன் தொடக்கத்தில் அங்கிருந்து மலையாள நிகழ்ச்சிகள் வரலாயின. கடலுக்கு அப்பால் இலங்கையின் ரூபவாகினி 1982 பிப்ரவரி 15 அன்று பிறந்தது. ஆதலின் தென்கோடி ஊர்களில் வாழ்ந்தோர், நீண்ட இரும்புக் குழாயின் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டி, ஒருகால் வடமேற்கு நோக்கியும், ஒருகால் இலங்கைத் திசை நோக்கியும் திருப்பிப் பார்க்கும் வழக்கம் உடையராயினர்.

இங்கே ஓர் ஐயம் எழும். தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வன, நிலவுலகமோ உருண்டையானது. அங்ஙனமாயின் இலங்கைப் படம் கடல் கடந்து வந்தது எவ்வாறு? ரூபவாகினியின் முதன்மை ஒளிபரப்பி பிதுருதலாகலை மலைமேல் உள்ளது. அதன் உயரம் 2,524 மீட்டர். அவ்வுயரத்திலிருந்து புறப்படும் அலை, நம் வீட்டின் மேல் 16 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஆன்டெனாவை நேராக எட்டக்கூடிய தொலைவு ஏறத்தாழ 220 கிலோமீட்டரேயாம். கன்னியாகுமரியோ அம்மலையிலிருந்து ஏறத்தாழ 370 கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றது. இவ்விடைவெளியை நிரப்பியது கடற்காற்று. நீரை அடுத்து ஈரமும் குளிர்ச்சியும் மிக்க காற்றும், அதன்மேல் உலர்ந்த வெங்காற்றும் அடுக்காக அமையுங்கால், அலை அவற்றிடையே வளைந்து வளைந்து, வாய்க்காலில் ஓடும் நீர்போல நெடுந்தொலைவு செல்லும். அவ்வடுக்குக் கலைந்தால் படமும் கலையும். நேற்றுத் தெளிவாகத் தெரிந்த பந்தாட்டம் இன்று எறும்பு மொய்த்தாற்போற் புள்ளிகளாய்த் தோன்றியதன் காரணம் இதுவே.

இனி, அட்டையின் தொழிலைக் காண்போம். ஆன்டெனாவிலிருந்து இறங்கும் கம்பியில் எல்லா நிலையங்களின் அலைகளும் ஒருங்கே கலந்து வருகின்றன. வடசேரிச் சந்தையின் இரைச்சலில் நாம் வேண்டும் ஒரு வணிகரின் குரலை மட்டும் நம் செவி தெரிந்தெடுப்பது போல, அட்டையின் முற்பகுதியிலுள்ள ட்யூனர் என்னும் சிறு தகரப் பெட்டி வேண்டிய நிலையத்தை மட்டும் பிரித்தெடுக்கின்றது. நம் நாட்டில் வழங்கிய பால் முறையில், வி.எச்.எப். அலைவரிசையில் ஒவ்வொரு நிலையமும் 7 மெகாஹெர்ட்சு அகலத்தைப் பெற்றிருந்தது. ட்யூனர் தான் தெரிந்தெடுத்த நிலையத்தை, அஃது எவ்வலைவரிசையினதாயினும், 38.9 மெகாஹெர்ட்சு என்னும் ஒரே இடைநிலை அதிர்வெண்ணிற்கு மாற்றித் தரும். படத்தினின்று 5.5 மெகாஹெர்ட்சு விலகி நிற்கும் ஒலி அதன்பின் தனியே பிரிக்கப்படும்.

அடுத்த நிலை, அலையை எண்ணாக மாற்றுதல். பால் முறையில் ஒரு படத்திற்கு 625 வரிகள் உண்டு. அவற்றுட் கண்ணுக்குப் புலனாவன 576. ஒரு வினாடிக்கு 25 படங்கள் வருகின்றன. அட்டையின் நடுவிலுள்ள சில்லு ஒவ்வொரு வரியையும் 720 இடங்களில் அளந்து, ஒளியையும் வண்ணத்தையும் எண்களாகக் குறிக்கின்றது. பல அட்டைகளிற் பயன்பட்ட பி.டி. 878, எஸ்.ஏ.ஏ. 7134 என்னும் சில்லுகள் இப்பணிக்கென்றே செய்யப்பட்டவை. அவ்வெண்கள் கணினியின் பி.சி.ஐ. வழியாக நினைவகத்தை நேரே சென்றடையும்.

அவ்வெண்களின் தொகை சிறிதன்று. 720 ஐ 576 ஆற் பெருக்கி, புள்ளி ஒன்றிற்கு 2 பைட்டு எனக் கொண்டு, 25 ஆற் பெருக்கினால் வினாடிக்கு 2 கோடியே 7 இலட்சம் பைட்டுக்கு மேலாகின்றது. ஒரு மணி நேரக் காட்சிக்கு ஏறத்தாழ 75 கிகாபைட்டு வேண்டும். ஆதலின் சுருக்கம் இன்றியமையாததாயிற்று. சுருக்கும் முறை எளிதில் விளங்கும். கன்னியாகுமரிக் கடலில் வள்ளுவர் சிலை நிற்கும் காட்சியை எடுத்துக்கொள்க. சிலை அசைவதில்லை, ஆகவே அதனை ஒருமுறை எழுதி, அடுத்த படங்களில் ‘முன்போலவே’ என்று குறித்தாற் போதும். அதன் அடியில் மோதும் அலையோ ஒவ்வொரு கணமும் மாறுவது. அதற்கே மிகுந்த இடம் செலவாகும். எம்பெக் 2 என்னும் முறையில் வினாடிக்கு 60 இலட்சம் பிட்டு என்னும் அளவில் எழுதினால், ஒரு மணி நேரம் 2.7 கிகாபைட்டில் அடங்கிவிடும். மலிவான அட்டைகள் இச்சுருக்க வேலையைக் கணினியின் தலைமேற் சுமத்தின. விலையுயர்ந்தவை அதற்கெனத் தனிச் சில்லு பெற்றிருந்தன. முன்னவற்றிற் பதியும்போது கணினியில் வேறு வேலை செய்தால் படங்கள் இடையிடையே விடுபடும்.

இங்ஙனம் பதிந்துகொள்வது முறையாகுமோ என்று சிலர் வினவலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984 இல் பீட்டாமாக்ஸ் வழக்கில், பின்னர்ப் பார்த்தற்பொருட்டு வீட்டிற் பதிந்துகொள்வது நேர்மையான பயனே என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டின் 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39 ஆம் பிரிவும், ஒருவர் தம் சொந்தப் பயனுக்காகவோ, நேர்மையான கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்குமாகவோ ஒளிபரப்பைப் பதிதல் ஒளிபரப்பு நிறுவனத்தின் உரிமையை மீறுவதன்று எனக் கூறுகின்றது. ஆனால் பதிந்ததைப் படியெடுத்து விற்றலும் பரப்புதலும் வேறு. அவற்றிற்கு இவ்விலக்கு இடந்தராது.

நிற்க. 2012 முதல் படிப்படியாகக் கேபிள் ஒளிபரப்பு எண்முறைக்கு மாறியது. தூர்தர்ஷனும் தன் பழைய தரைவழி ஒளிபரப்பிகளிற் பெரும்பாலானவற்றை நிறுத்திவிட்டது. ஆதலின் பழைய அட்டையின் ஆன்டெனா வாயில் இன்று ஊமையாயிற்று. செயற்கைக்கோள் அலையை ஏற்கும் எண்முறை அட்டைகள் வேறு உள. அவற்றிற்கு வரும் படம் முன்னரே சுருக்கப்பட்டிருத்தலின், அதனை அப்படியே வட்டில் எழுதுதல் ஒன்றே அவற்றின் வேலை. அங்ஙனமாயின் பழைய அட்டை பழம்பொருட் கடைக்கு உரியதோ எனின், அன்று. அதற்கு இன்னொரு வாயில் உண்டு. மஞ்சள் நிறக் கம்பி செருகும் அவ்விடத்தில் ‘டெக்’கை இணைத்தால், நாடாவில் உறங்கும் படம் அட்டைவழியே கணினியுட் புகும். இதுவே இன்று அதனால் விளையும் பெரும்பயன்.

இதனைப் பெரும்பயன் என்றல் மிகையன்று. பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றையும் காத்து வைத்திருக்கும் என்று நாம் நம்புகின்றோம். வரலாறு அவ்வாறு கூறவில்லை. பி.பி.சி. நிறுவனம் 1960 களிலும் 1970 களிலும் தன் நாடாக்கள் பலவற்றை அழித்து மீண்டும் பயன்படுத்தியது. ‘டாக்டர் ஹூ’ என்னும் புகழ்பெற்ற தொடரின் பல பகுதிகள் அவ்வாறு மறைந்தன. ஆயினும் மறைந்தவற்றின் ஒலி முழுவதும், நேயர்கள் தம் வீடுகளிற் பதிந்து வைத்தமையால் இன்றும் கிடைக்கின்றது. 1969 இல் மனிதன் நிலவில் அடிவைத்த காட்சியின் மூல நாடாக்களும் பின்னர் அழிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று நாசா நிறுவனம் 2009 இற் கூறியது. பிற நிலையங்களில் எஞ்சிய படிகளைக் கொண்டே அக்காட்சி செப்பஞ் செய்யப்பட்டது. பிலடெல்பியா நகரில் மரியன் ஸ்டோக்ஸ் என்னும் அம்மையார், 2012 இல் தாம் மறையும்வரை ஏறத்தாழ 70,000 நாடாக்களிற் செய்தி ஒளிபரப்பைப் பதிந்து வைத்தார். அவர் வாழ்ந்தபோது விந்தையாகத் தோன்றிய செயல் இன்று ஆராய்ச்சியாளர்க்குக் கருவூலமாயிற்று.

நம் மாவட்டத்தின் நிலையை எண்ணிப் பார்ப்போம். நாகர்கோவில் ஒழுகினசேரியிற் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் 1957 இல் மறைந்தார். தொலைக்காட்சி நம் நாட்டிற்கு வந்தது 1959 இல். ஆகவே திரைப்படமும் இசைத்தட்டும் காத்ததன்றி, அவர் மேடையில் நின்று பேசிய பேச்சும் செய்த நகையும் காற்றோடு போயின. அவர்க்குப் பின் வந்தோர்க்கு அக்குறை இல்லை, கருவி இருந்தது. 2000 ஜனவரி 1 அன்று 133 அடி உயர வள்ளுவர் சிலை திறக்கப்பட்ட நாளும், 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலும் மணக்குடியும் ஆழிப்பேரலையாற் சிதைந்த நாளும் நாடாக்கள் வழக்கில் இருந்த காலத்தன. கோயிற் கொடைகளில் நிகழ்ந்த வில்லுப்பாட்டு, ஆலயத் திருவிழா, அறுவடைப் பண்டிகை, கல்லூரி ஆண்டு விழா, திருமணம் முதலியன எத்தனை வீட்டு அலமாரிகளில் உறங்குகின்றனவோ! அவற்றுள் ஒருவரது பாட்டியின் குரல் இருக்கலாம். இன்று பாடுவார் அற்ற ஒரு கதைப்பாட்டும் இருக்கலாம்.

அவ்வுறக்கம் நெடுங்காலம் நீடியாது. நாடா என்பது மெல்லிய பிளாஸ்டிக்கின்மேல் காந்தத் துகளைப் பசையால் ஒட்டியது. ஈரம் அப்பசையைச் சிதைக்கும். பூசணம் அதன்மேற் படரும். தென்மேற்கு, வடகிழக்கு என்னும் இரு பருவமழையும் பெறும் நம் நாடு வயலுக்கு நலம், நாடாவிற்கு அன்று. கருவியும் குறைந்து வருகின்றது. 1976 இல் ஜப்பானில் தோன்றிய வி.எச்.எஸ். முறையின் நாடாக் கருவியை இறுதிவரை செய்துவந்த புனாய் நிறுவனம், 2016 ஜூலையில் அத்தொழிலை நிறுத்திற்று. இன்று உள்ளவை தேய்ந்துகொண்டே போவன.

செய்யத்தக்க முறையைச் சுருங்கக் கூறுவோம். முதலாவது, பி.சி.ஐ. வாய் உள்ள பழைய கணினி ஒன்றை எறியாமல் வைத்துக்கொள்க. புதிய விண்டோஸ் பழைய அட்டைகளை அறியாதொழியினும், லினக்ஸ் அவற்றுட் பலவற்றை ஏற்கும். இரண்டாவது, பூசணம் பூத்த நாடாவைச் சுத்தஞ் செய்யாமல் ‘டெக்’கில் இடலாகாது, இட்டால் அஃது ஏனைய நாடாக்களையும் கெடுக்கும். மூன்றாவது, நாடாவை ஒருமுறை முன்னும் பின்னுமாக முழுவதும் சுற்றிய பின்னரே பதிதல் நன்று. நான்காவது, வட்டில் இடமுண்டேல் இழப்பின்றிச் சுருக்கும் முறையைக் கைக்கொள்க. இன்றேல் எம்பெக் 2 போதும். பால் படம் ஒற்றை வரியும் இரட்டை வரியுமாகப் பின்னி வருவது. கணினித் திரையில் அசைவுகள் சீப்பின் பற்கள்போல் தோன்றுவது அதனாலேயே. அதனை மூலப்படியில் திருத்த வேண்டுவதின்று, பார்க்கும்போது திருத்திக்கொள்ளலாம். ஐந்தாவது, ஒலியும் உதட்டசைவும் இறுதிவரை ஒத்துச் செல்கின்றனவா என்று சோதித்தல் வேண்டும். ஆறாவது, இரண்டு படிகள் எடுத்து இரண்டு வீடுகளில் வைக்க. இறுதியாக, அதில் உள்ளார் யாவர், இடம் யாது, நாள் எது என்பவற்றை முதியோரிடம் கேட்டு எழுதி உடன் வைக்க. பெயர் அறியாத முகம் பாதி இழந்த முகமேயாம்.

இப்பணிக்குப் பெரும்பொருள் வேண்டுவதின்று; மூன்று மணி நேர நாடாவிற்கு மூன்று மணி நேரப் பொறுமை வேண்டும். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் தெருவில் ஒரு நாடாவைக் காப்பாற்றினும், மிகுந்த செல்வம் சேரும். உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று செல்லரித்த சுவடிகளைத் தேடியிராவிடின் சங்க நூல்களுட் பல நமக்கு எட்டியிரா. அவர்க்கு வாய்த்த ஏடுகள் பல நூற்றாண்டு பொறுத்திருந்தன. நம் நாடாக்களோ அங்ஙனம் பொறுத்திரா. ஐந்து அப்பத்தால் ஐயாயிரவர் உண்டு நிறைந்த பின்னும், எஞ்சிய துணிக்கைகளைச் சிதற விடாது பன்னிரண்டு கூடைகளிற் சேர்த்து வைக்கும்படி ஆண்டவர் பணித்ததைச் சுவிசேஷத்தில் வாசிக்கின்றோம். கண்டு களித்த விருந்தின் துணிக்கைகள் நம் அலமாரிகளில் உள. கூடையும் கையில் உண்டு. சேர்ப்பதே நம் கடன்.