போல்ட் தலையில் ஒரு கணக்கு

"நட்டு, போல்ட்டில் என்ன பெரிய அறிவியல் இருக்கு மாமா?" என்று கேட்கிற குட்டி யாராவது உண்டா? சபாஷ்! உனக்காகத்தான் இன்றைய பேச்சு.

தாத்தா காலத்துப் புல்லட் ஒன்றைப் பட்டறையில் பிரித்துப் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள். புல்லட், இங்கிலாந்தில் பிறந்த வண்டி. 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கிய பிறகு நம் ஊர் வண்டியாகவே ஆகிவிட்டது. டாங்குக்குப் பெயிண்ட் அடித்தாயிற்று. பழைய போல்ட்டுகள் மட்டும் துருப்பிடித்துக் கிடக்கின்றன. கடையில் புது போல்ட் பளபளவென்று மின்னுகிறது. விலையும் குறைவு. வாங்கிவிடலாமா?

கொஞ்சம் பொறு. போல்ட் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம்.

ஸ்பேனரால் இறுக்கும்போது போல்ட் கொஞ்சம் நீள்கிறது. ஆமாம், இரும்பு நீள்கிறது! கண்ணுக்குத் தெரியாத அளவு அது. நீண்ட போல்ட் பழையபடி சுருங்கப் பார்க்கும். நாலு பென்சிலைச் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டால் அது இழுத்துப் பிடிக்கிறது அல்லவா? அதேபோல, சுருங்கப் பார்க்கிற அந்த இழுப்புதான் இன்ஜின் பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. புரிகிறதா?

இப்போது ஒரு ஜெம் கிளிப்பை எடு. லேசாக விரித்துவிட்டு விடு. பழைய இடத்துக்கே திரும்பும். இன்னும் பலமாக விரி. இந்த முறை திரும்பாது, வளைந்தே நிற்கும். எந்த எஃகுக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. மட்டமான போல்ட் அந்த எல்லையைச் சீக்கிரமே தாண்டிவிடும். இறுக்க இறுக்க, ஸ்பேனர் இறுகாமல் சுற்றிக்கொண்டே போகும். அப்படி நீண்டுபோன போல்ட்டில் பிடிப்பு இல்லை. வண்டி அதிர அதிர நட்டு கழன்றுவிடும். இல்லாவிட்டால் போல்ட்டே முறியும்.

அந்த எல்லை எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது? போல்ட்டின் தலையைப் பார். மில்லிமீட்டர் அளவு போல்ட்டாக இருந்தால் 8.8 என்பதுபோல ஓர் எண் இருக்கும். முதல் 8-ஐ 100-ஆல் பெருக்கு. 800 வருகிறதா? அந்த எஃகில் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் 800 நியூட்டன் இழுப்பைத் தாங்கும் என்று பொருள். ஏறத்தாழ 80 கிலோ எடை! புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 8, பத்தில் எட்டுப் பங்கைக் குறிக்கும். அதாவது 640 நியூட்டனைத் தாண்டினால் ஜெம் கிளிப் கதைதான், நீண்டது நீண்டதுதான்.

8 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று 8.8 தரமாக இருந்தால், அறுவதற்கு முன் கிட்டத்தட்ட 3 டன் தாங்கும். 4.6 என்று எழுதிய அதே பருமன் போல்ட்? அதில் பாதிதான். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்!

எண்ணைப் பார்த்ததும் நம்பிவிடாதே. பொய் எண் அடிப்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் போல்ட் தலையில் எண்ணுக்குப் பதில் கோடுகள் போடுவார்கள். ஆறு கோடு என்றால் உயர்ந்த ரகம். 1980-களில் மலிவான வேறு எஃகில் செய்த போல்ட்டுகளிலும் ஆறு கோடு போட்டு விற்றுவிட்டார்கள். சூடேறினால் அந்த எஃகின் வலு குறைந்துவிடும். விஷயம் நாடாளுமன்றம் வரை போய், 1990-இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. இத்தனூண்டு போல்ட்டுக்கு ஒரு சட்டம், பார்த்தாயா! அதனால் எண்ணுக்குப் பக்கத்தில் தயாரித்தவரின் முத்திரையும் இருக்கிறதா என்று பார். எதுவுமே இல்லாத மொட்டைத் தலை போல்ட்டை பிரேக் பக்கமே கொண்டுபோகக் கூடாது. நம்பர் பிளேட்டுக்கு வேண்டுமானால் போகட்டும்.

"எவர்சில்வர் போல்ட் துருப்பிடிக்காதே மாமா?" நல்ல கேள்வி! அழகுக்கு அது சரி. ஆனால் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 ரக எவர்சில்வர் 450 நியூட்டனிலேயே எல்லையைத் தாண்டிவிடும். 8.8-க்கு எவ்வளவு சொன்னோம்? 640. போதாததற்கு, எவர்சில்வர் நட்டும் எவர்சில்வர் போல்ட்டும் இறுக்கும்போதே ஒன்றோடொன்று உரசி ஒட்டிக்கொள்வதும் உண்டு.

பழைய வண்டியில் இன்னொரு வம்பு, மரை. போல்ட்டில் சுற்றிச் சுற்றி ஓடுகிற திருகு வரிதான் மரை. 1841-இல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் மரைகளுக்கு ஒரே அளவுமுறை வகுத்தார். அது அங்குலக் கணக்கு, மரையின் கோணம் 55 டிகிரி. இன்றைய மில்லிமீட்டர் போல்ட்டில் 60 டிகிரி. பழைய புல்லட்டில் அங்குல மரைகள் நிறைய உண்டு. 5/16 அங்குலம் என்றால் 7.94 மில்லிமீட்டர். அந்தத் துளையில் 8 மில்லிமீட்டர் போல்ட்டை வைத்தால் ஒன்றிரண்டு சுற்று ஏறிவிடும். "அட, பொருந்திவிட்டதே!" என்று தோன்றும். பிறகு சிக்கிக்கொள்ளும். ஸ்பேனர் போட்டு அழுத்தினால் இன்ஜின் அலுமினியத்தில் இருக்கிற மரையே போய்விடும். போல்ட்டுக்குப் பத்து ரூபாய் மிச்சம் பிடித்து, இன்ஜின் பாகத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவு! என்னைக் கேட்டால், மரை நன்றாக இருக்கிற, நீண்டுபோகாத பழைய ஒரிஜினல் போல்ட்டைச் சுத்தம் செய்து போடுவது, பெயர் தெரியாத புது போல்ட்டை விட மேல்.

இன்று மாலை வீட்டு வண்டியின் போல்ட் தலைகளை டார்ச் அடித்துப் பார். ஸ்பேனரைத் தொடாதே, பார்த்தால் போதும். 10.9 என்று ஒன்று கண்ணில் பட்டால் கணக்குப் போடு. விடை: அறுவது 1000 நியூட்டனில், எல்லை 900-இல்.